எந்தக் கரைக்குப் போவது?

பள்ளிக்கூடங்கள் விடுமுறைக்காக மூடப்பட்டதும் நம் வீடுகளிலே முதலில் எழும் வினா, "கடலுக்கு எப்போது போகிறோம்?" என்பதே. கேட்பவர் சிறுவர், விடை சொல்ல வேண்டியவர் தந்தையார், கட்டுச்சோறு கட்ட வேண்டியவர் தாயார். வெளிநாட்டிலிருந்து மாமனோ சித்தப்பாவோ குடும்பத்துடன் வந்திருப்பாராயின் சொல்லவே வேண்டியதில்லை. வான் ஒன்றை வாடகைக்கு அமர்த்தி, பன்னிரண்டு பேருக்கான இருக்கைகளிலே பதினைந்து பேர் நெருங்கியமர்ந்து புறப்பட்டுவிடுவார்கள். "எந்தக் கடலுக்கு?" என்ற வினாவை மட்டும் ஒருவரும் எழுப்புவதில்லை. சாரதி எங்கே இறக்கி விடுகிறாரோ அதுவே கடல்.

யாழ்ப்பாணத்தவருக்குக் கடலுக்கு என்றும் பஞ்சமில்லை. குடாநாட்டின் வடக்கே கீரிமலை, காங்கேசன்துறை. கிழக்கே வல்லிபுரம், மணற்காடு. மேற்கே காரைநகரின் கசூரினா. தென்மேற்கே வேலணையின் சாட்டி. அதற்கும் அப்பால் நெடுந்தீவு. இத்தனை கரைகளும் ஒரே நாளில் ஒரே தன்மையுடன் இருப்பதில்லை. ஒரு கரையிலே குழந்தை முழங்காலளவு நீரில் விளையாடும் அதே நேரத்தில், மற்றொரு கரையிலே நன்றாக நீந்தத் தெரிந்த இளைஞனும் இறங்கத் தயங்குவான். ஆகவே கரையைத் தெரிந்தெடுப்பதும் ஓர் அறிவு. அவ்வறிவு கடற்றொழிலாளரிடம் உண்டு. நாம் அவர்களிடம் மீன் வாங்குகிறோமேயன்றி இதனைக் கேட்டு வாங்குவதில்லை.

காற்றைக் கேட்டுக் கரையைத் தேர்க

நம்மூர்க் கடலோடிகள் காற்றை நான்கு பெயரால் அழைப்பர். வடக்கிலிருந்து வருவது வாடை; கிழக்கிலிருந்து வருவது கொண்டல்; மேற்கிலிருந்து வருவது கச்சான்; தென்மேற்கிலிருந்து வருவது சோளகம். தெற்குக் காற்று என்றதும் புலவருக்குத் தென்றல் நினைவு வரும். கடலோடிக்குச் சோளகம் நினைவு வரும். இரண்டும் ஒன்றல்ல. சோளகம் வைகாசியிலே தொடங்கிப் புரட்டாதி வரை பாக்குக் கடலைக் கடைந்துகொண்டு வீசும். வாடை ஐப்பசிக்குப் பின் மழையைச் சுமந்துகொண்டு வந்து, மாசியளவில் ஓயும். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பங்குனியும் சித்திரையும் கடல் உறங்குங் காலம்.

இனிக் கணக்கு எளிது. கடலிலிருந்து நிலத்தை நோக்கிக் காற்று வீசும் கரையிலே அலை எழும்பும், நீர் கலங்கும். நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் கரையிலே அலை தணிந்திருக்கும். சாட்டிக் கடற்கரை வேலணைத் தீவின் தென்புறத்தில் இருக்கிறது. எனவே சோளகத்துக்கு முகங்கொடுத்து நிற்பது. கசூரினா காரைநகரின் வடபுறத்தில் இருக்கிறது. சோளக காலத்திலே தீவு முழுவதும் அதற்கு மறைப்பு.

நம் பள்ளி விடுமுறைகளோ வழக்கமாக ஏப்ரில், ஓகஸ்ட், டிசெம்பர் ஆகிய மாதங்களில் வருவன. சித்திரை விடுமுறையில் எந்தக் கரையும் இனியது. வெயிலுக்கு நிழல் உண்டோ என்பது மட்டுமே பார்க்க வேண்டியது. ஓகஸ்டிலே, நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த உறவினரை அழைத்துச் செல்வதாயின், வடபுறக் கரைகளே தக்கவை. டிசெம்பரில் வாடை வீசும்போது சாட்டியின் முறை வரும். அப்போது வடகரையில் அலை கரையைக் குடைந்துகொண்டிருக்க, சாட்டி குளம்போலக் கிடக்கும். நடைமுறையிலே நம்மவர் பெரும்பாலும் இதனைத் தலைகீழாகச் செய்கின்றனர். ஓகஸ்டில் சாட்டிக்கு வந்து, "கடல் ஒரே கலங்கல்" என்று குறைகூறித் திரும்பும் வான்களை ஆண்டுதோறும் காணலாம்.

தணிந்த கடலென்று முற்றிலும் நம்பிவிடுதலும் ஆகாது. நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும் நாளிலே, காற்றடைத்த மிதவையில் குழந்தையை இருத்தி விட்டால், அது ஓசையின்றிக் கரையைவிட்டு விலகிச் செல்லும். அலையில்லாத கடலின் ஆபத்து அதுதான். மிதவைக்கு ஒரு கயிறு, கயிற்றின் மறுநுனிக்கு ஒரு பெரியவர் என்பது கட்டாயம். மணலும் சேறும் கலந்த ஆழமற்ற நீரிலே திருக்கை மணலுக்குள் புதைந்து கிடப்பதும் உண்டு. காலைத் தூக்கி வைத்து நடப்பவனே அதை மிதிப்பான். காலைத் தரையோடு தேய்த்து நடந்தால் அது முன்னரே விலகிவிடும்.

கரையிலே கருமையாக ஒதுங்கிக் கிடக்கும் சாதாளையைக் கண்டு முகஞ்சுழிப்பவர் பலர். அது குப்பையன்று. பாக்குக் கடலின் அடியிலே புல்வெளிகள் இருக்கின்றன. அறுந்து கரைசேர்ந்த அவற்றின் இலைகளும் பாசிகளுமே அவை. நம் முன்னோர் அதனை வண்டியில் ஏற்றித் தோட்டத்துக்கு உரமாக இட்டனர். அப்புல்லை மேய்வது ஆவுளியா எனப்படும் கடற்பசு. எதிர்க்கரையிலே தமிழ்நாட்டு அரசு 2022 ஆம் ஆண்டில் 448 சதுர கிலோமீற்றர்க் கடற்பரப்பை அப்பிராணிக்கென்றே ஒதுக்கியது. எல்லைக்கோடு நமக்குத்தான்; கடற்பசுவுக்கு இல்லை.

சாட்டியின் முதுகு

பண்ணைத் தாம்போதியைக் கடந்து, மண்டைதீவுச் சந்தி தாண்டி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் வழியாக வேலணைக்குள் நுழையும் வரை வீதியின் இருமருங்கும் பார்த்துக்கொண்டே வருக. முதலில் உவர் நிலம். பின்னர் நிலம் வெண்மையாகின்றது. மணல் மேடுகள் எழுகின்றன. பனைகள் மணலிலிருந்து நேரே முளைத்தாற்போல நிற்கின்றன. மண்கும்பான் என்ற பெயரிலேயே மண் இருக்கிறது. கும்பி என்றால் குவியல் என்பதும் நாமறிந்ததே. அவ்வெண்மணற் பரப்பின் தொடர்ச்சிதான் சாட்டி. யாழ்ப்பாண நகரிலிருந்து வண்டியில் அரைமணி நேரத்துக்குள் வந்துவிடலாம் என்பதால் இதுவே பலருக்கும் முதற் கடல்.

சாட்டிக்கு வருவோர் எல்லோரும் கடலைப் பார்த்து நிற்கின்றனர். ஒரு நிமிடம் திரும்பி, அதன் முதுகைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். முதுகென்றது மணல் மேடுகளை. அவற்றின்மேல் அடம்பன் கொடி படர்ந்திருக்கும். சங்கப் புலவர் அடும்பு என்று பாடியது இதனையே. இராவணன் மீசை என்னும் முட்புல் பந்துபோல உருண்டு கிடக்கும். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்பது நம்மூர்ப் பழமொழி. ஒற்றுமைக்கு உவமையாக மேடைகளிலே அதனைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டோம். ஆனால் சொல்லுக்குச் சொல் உண்மையான செய்தி அது: அக்கொடி திரண்டு கட்டிவைத்திருப்பதனாலேதான் அம்மணல் காற்றோடு போகாமல் அங்கே நிற்கின்றது.

அம்மணலுக்குள் இருப்பது நன்னீர். தீவுப்பகுதியிலே பெரும்பாலான கிணறுகள் உவர். சில, கோடையிலே வாயில் வைக்க முடியாதவை. ஆனால் கடலிலிருந்து சில நூறு அடி தூரத்திலுள்ள சாட்டியின் மணற்பாங்கிலே குடிநீர் ஊறுகிறது. தீவுப்பகுதியிலே தண்ணீர் இல்லாத ஊர்களுக்கும், வாணர் தாம்போதிக்கு அப்பாலுள்ள புங்குடுதீவுக்குமே இங்கிருந்து நீர் சென்றிருக்கின்றது.

உப்புக் கடலின் பக்கத்திலே இனிய நீர் எப்படி நிற்கும் என்று எமது மாணவரை நான் வினவுவதுண்டு. "மணல் உப்பை வடிகட்டுகிறது" என்பதே எப்போதும் வரும் விடை. அது சரியன்று. மணலால் உப்பை வடிக்க இயலுமாயின் உலகிலே தண்ணீர்ப் பஞ்சமே இராது. நடப்பது வேறு. மாரி மழை மணலுக்குள் இறங்கிச் சேர்கின்றது. நன்னீர் கடல்நீரைவிடச் சற்றே இலேசானது. நாற்பதில் ஒரு பங்கு அளவான வேறுபாடு. ஆகையால், பனிக்கட்டி நீரில் மிதப்பது போல, நிலத்துக்குள்ளே நன்னீர் உப்புநீரின்மேல் மிதந்து நிற்கின்றது. அதன் வடிவம் இருபுறமும் குவிந்த கண்ணாடி வில்லையைப் போன்றது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்துக்கு ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறத்தாழ நாற்பது அடி வரை நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மகிழ்ச்சியான கணக்குத்தான், ஆனால் மறுபுறமாகவும் அதுவே கணக்கு. மேலே ஓரடி குறைந்தால், கீழேயிருந்து உப்பு நாற்பது அடி மேலெழும். மணல் மேட்டை வெட்டி எடுத்தாற் குறைவது மணல் மட்டுமன்று. மழையை ஏற்று வைத்திருக்கும் கலமே குறைகின்றது.

இக்கணக்கைக் கண்டறிந்த வரலாற்றிலே நமக்கொரு தொடர்பு உண்டு. ஒல்லாந்தர் இத்தீவுகளை ஆண்டபோது தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை இவற்றுக்குச் சூட்டினர். வேலணையும் ஊர்காவற்றுறையும் சேர்ந்த தீவு லைடன், காரைதீவு அம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடல்பேர்க். டெல்வ்ற் என்ற நெடுந்தீவின் பெயர் மட்டும் ஆங்கிலத்திலே ஒட்டிக்கொண்டது. அந்த மூல அம்ஸ்டர்டாம் நகரம் என்ன செய்தது? தன் கால்வாய்களின் நீர் குடிக்கத் தகாததாகிவிட, ஹார்லெம் நகருக்கு அண்மையிலுள்ள கடலோர மணல் மேடுகளிலிருந்து 1853 ஆம் ஆண்டு குழாய் வழியே குடிநீர் கொண்டுவந்தது. அம்மேடுகளின் நீரை ஆராய்ந்த படோன் கைபன் என்னும் ஒல்லாந்த இராணுவப் பொறியியலாளர் 1880களின் இறுதியிலே மேற்சொன்ன நாற்பதுக்கு ஒன்று என்ற உறவை எழுதினார். ஜேர்மனியின் நோர்டர்னி என்ற சிறு தீவிலே ஆராய்ந்த ஹெர்ஸ்பேர்க் என்பவரும் தனியே அதே முடிவுக்கு வந்து 1901 இல் வெளியிட்டார். வேலணைக் கமக்காரர் இருவர் பெயரையும் அறியார். ஆனால் கோடையிலே கிணற்றை அளவுக்கு மிஞ்சி இறைத்தால் நீர் சவர்க்கும் என்பதை நன்கறிவர்.

ஒல்லாந்து நகரத்தவரும் மிஞ்சி இறைத்தனர். நீரிலே உப்பு ஏறத் தொடங்கியது. அதன்பின் 1957 முதல் ரைன் நதியின் நீரைக் கொண்டுவந்து மணல் மேடுகளுக்குள் பாய்ச்சி, மேட்டின் வயிற்றை நிரப்பி, பின் எடுத்துப் பருகுகின்றனர். அங்கே உலாவச் செல்பவர் நுழைவுச்சீட்டுப் பெற்றே உள்ளே போக வேண்டும். நமக்கு ரைன் நதியில்லை. வழுக்கையாற்றைத் தவிர ஆறென்று சொல்லவே ஒன்றுமில்லை; அதுவும் மாரிக்கு மட்டும் ஓடுவது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் ஒன்று வடமராட்சி கிழக்கிலே தாளையடியில் 2024 ஓகஸ்டில் திறந்து வைக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் நீர் தரும் ஆற்றலுடையது. பெரும் பொருட்செலவில் அமைந்தது. இயங்குவதற்கு மின்சாரம் வேண்டும். நல்ல காரியமே. ஆயினும், மின்சாரமின்றி, சம்பளமின்றி, ஆண்டாண்டு காலமாக அதனிலும் இனிய நீரைத் தரும் மணல் மேட்டைப் பெயர்த்து வண்டியில் ஏற்றிக்கொண்டே அதனைக் கொண்டாடுவது எவ்வகைச் சிக்கனமோ அறியேன்.

மணல் ஏற்றப்படுவது இரகசியமன்று. 1990 இல் தீவுப்பகுதி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். பல வளவுகள் நெடுங்காலம் ஆளின்றிக் கிடந்தன. 2009 இல் போர் முடிந்தபின் குடாநாடெங்கும் வீடு கட்டத் தொடங்கினர். சுவரெழுப்ப மணல் வேண்டியிருந்தது. அல்லைப்பிட்டி, மண்கும்பான், வேலணைப் பகுதிகளில் அனுமதியின்றி மணல் அகழ்வது பற்றிய செய்திகள் பத்திரிகைகளிலே அடிக்கடி வந்தன. வீடு கட்டுவோரைப் பழிக்க மனம் வரவில்லை. இடிந்த வீட்டுக்குத் திரும்பியவருக்குச் சுவர் வேண்டாமா? ஆனால் சட்டம் ஒன்று உண்டு. 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பேணற் சட்டத்தின்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள பகுதி கரையோர வலயம். அங்கே அனுமதியின்றி மணல் எடுத்தல் குற்றம். விடுமுறைக்கு வந்து பாய் விரித்துச் சோறுண்ணும் நாமும் அந்த 300 மீற்றருக்குள்ளேதான் அமர்ந்திருக்கிறோம்.

அம்மணல் காத்து வைத்திருப்பது நீரை மட்டுமன்று. அல்லைப்பிட்டியிலே சீனத்து வட சொங் அரசர் காலத்து மட்பாண்டங்கள் அகழ்ந்தெடுக்கப்பட்டன. 2018 இல் ஷாங்காய் அருங்காட்சியகத்தினர் வந்து மீண்டும் ஆராய்ந்தனர். பக்கத்துத் துறைமுகமான ஊர்காவற்றுறைக்கு வரும் அயல்நாட்டு வணிகர்களைக் காக்க வேண்டும் என்றும், யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் காற்பங்கு பண்டாரத்துக்கும் முக்காற்பங்கு உடையவருக்கும் சேர வேண்டும் என்றும், வணிகப் பொருளேற்றிய கப்பலாயின் பாதிக்குப் பாதி என்றும் 12 ஆம் நூற்றாண்டிலே முதலாம் பராக்கிரமபாகு நயினாதீவிலே தமிழில் கல்வெட்டு நிறுவினான். சிங்கள அரசன் தமிழிலே ஆணையிட்ட அக்கல் நாகபூசணி அம்மன் கோயிலில் உள்ளது. சரித்திர மாணவர் சாட்டிக்கு வந்த அன்றே நயினாதீவுக்கும் போய்வரலாம்.

மற்றைக் கரைகள்

கசூரினாவுக்கு ஊர்காவற்றுறையிலிருந்து செல்வதே எனக்குப் பிடித்த வழி. அங்கே கடல் ஒடுங்கி நிற்கின்றது; "பாதை" என்று நம்மவர் அழைக்கும் மிதவைப் படகிலே சில நிமிடங்களிற் காரைநகர் போய்ச் சேரலாம். இடைக்கடலிலே ஒல்லாந்தர் வலுப்படுத்திய கடற்கோட்டை தென்படும். கசூரினா என்பது சவுக்கு மரத்தின் பெயர். அதன் தொங்கும் இலைக்கொத்துகள் கசுவாரி என்னும் பறவையின் இறகை ஒத்திருப்பதால் அப்பெயர் வந்ததாம். அக்கரையிலே கடல் மிக மெல்ல ஆழமாகின்றது. நெடுந்தூரம் நடந்தும் நீர் இடுப்பளவிலேயே நிற்கும். சிறு குழந்தைகளுள்ள குடும்பத்துக்கு இதனிலும் ஏற்ற கரை குடாநாட்டில் இல்லை. கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். ஞாயிறு பின்னேரம் போய்விட்டு என்னைக் குறைகூற வேண்டாம்.

கீரிமலையிலே கடலை ஒட்டியே நன்னீர்க் கேணிகள் உள்ளன. சாட்டியிலே மணலுக்குள் மறைந்திருப்பது அங்கே சுண்ணக்கல்லின் வழியே வெளிப்பட்டுக் கடலில் கலக்கின்றது. நிலத்தடி நீரைப் பிள்ளைகளுக்குக் கண்ணாற் காட்ட விரும்பும் பெற்றோர் முதலில் அங்கே அழைத்துச் செல்க. ஆடி அமாவாசையன்று மட்டும் வேண்டாம். அன்று தந்தையை இழந்தவர்களின் நாள்.

மணற்காடு பார்ப்பதற்குரிய கரை, குளிப்பதற்குரியதன்று. மணலுக்குள் பாதி புதைந்த பழைய தேவாலயத்தின் சுவர்களும், பெரிய மணற்குன்றுகளும், சவுக்கங்காடும் காணத்தக்கவை. கடலோ வங்காள விரிகுடாவுக்கு நேரே திறந்தது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை அக்கரையை எவ்வாறு தாக்கிற்று என்பதை ஊரவர் மறக்கவில்லை. அலை கொண்டுவந்த நீர் ஓரிடத்தாற் குவிந்து வேகமாகக் கடலுக்குத் திரும்பும் இழுவை அங்கே உண்டு. அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி நேரே போராடினாற் களைத்துப்போவர். கரைக்குச் சமாந்தரமாகச் சிறிது தூரம் நீந்தினால் இழுவையின் அகலத்தைக் கடந்துவிடலாம். நீந்தத் தெரிந்த மாணவரும் இதனை அறிந்திருக்க வேண்டும். தெரிந்தவர்தாம் துணிந்து இறங்குகின்றனர்.

நெடுந்தீவுக்குச் சித்திரையே நல்ல காலம். குறிகட்டுவானிலிருந்து படகிலே ஏறத்தாழ ஒரு மணி நேரம். பவளக் கற்களைச் சாந்தின்றி அடுக்கிய வேலிகளும், தாமாகத் திரியும் மட்டக் குதிரைகளும், பெருக்கமரமும் பிள்ளைகளுக்கு விருந்து. கரை வெண்மை, ஆனால் உடைந்த பவளம் காலைக் கிழிக்கும், செருப்பின்றி இறங்கற்க. 1985 மே 15 ஆம் நாள் குமுதினிப் படகிலே வெட்டிக் கொல்லப்பட்ட பிரயாணிகள் இதே கடலிலேதான் உயிர்நீத்தனர். அவ்வூராரோடு பேசும்போது அது நினைவில் இருக்கட்டும். திரும்பும் படகின் நேரத்தை இறங்கியவுடனேயே கேட்டு வைத்துக்கொள்க. குடிநீரைக் கையோடு கொண்டுபோவது நலம். அங்கே நன்னீர் அரிது.

சாட்டிக்குத் திரும்பவும் ஒரு வார்த்தை. வண்டியை மணல் மேட்டின்மீது ஏற்றாமல் வீதியோரத்திலே நிறுத்துக. சக்கரம் ஒரு முறை உருண்ட இடத்திலே அடம்பன் கொடி மீண்டும் பிடிக்க நாளாகும். கடலாடிய பின் உப்பைக் கழுவ ஆளுக்கு இரண்டு வாளி நீர் போதும். பதினைந்து பேர் வந்த வானுக்கு முப்பது வாளி. அதற்குமேல் அள்ளுவது, ஏதோ ஓர் ஊரிலே படலையடியில் வெறுங்குடத்துடன் பவுசர் வரும் திசையைப் பார்த்து நிற்கும் ஒரு தாயாரின் பங்கு.